அத்தை வீட்டில் தண்ணீர் மட்டும்

மனித உறவுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறேன். அந்த ஆராய்ச்சியாலேயே ஓர் உறவைக் கெடுத்தவன் என்பதை மட்டும் எங்கும் போட்டுக்கொள்வதில்லை. இன்று போட்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஊர் ஜெயங்கொண்டம். 'உடன்பிறந்தோரிடையே மனத்தாங்கலும் சமரசமும்' என்பது ஆய்வுத் தலைப்பு. அதாவது அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள், எப்படித் திரும்பப் பேசுகிறார்கள் என்று அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். (ஆள் கிடைக்குமா என்று பயந்தேன். ஒரு தெருவுக்கு நான்கு வீடு கிடைத்தது.) தோளில் பை, கையில் அட்டை, அதில் பன்னிரண்டு பக்க வினாத்தாள். பாதிப் பேர் என்னை ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவன் என்றே நினைத்தார்கள்.

என் கைடு கண்டிப்பான பேராசிரியை. அவர் போட்ட விதிகள் இரண்டு. சொந்தக்காரர்களிடம் பேட்டி எடுக்கக் கூடாது. பேட்டி எடுக்கும் வீட்டில் எதுவும் சாப்பிடக் கூடாது. "சோறு போட்டவங்க மனசு நோகாம எழுதணும்னு உனக்குத் தோணிடும். தண்ணி மட்டும் குடி" என்றார்.

அறுபது பேர் வேண்டும். ஐம்பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். குரும்பலூரில் மூன்று நாள் வெயிலில் அலைந்தும் அறுபதாவதாகப் பேட்டி கொடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. அங்கிருந்து பஸ் ஏறினால் அரும்பாவூர். அங்கேதான் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, வாழ்க்கைப்பட்டிருந்தார். என் அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் மாமாவின் பெயர் விட்டுப்போனதிலிருந்து ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா! முதல் விதியை மீறத் துணிந்துவிட்டதால், இரண்டாவது விதியையாவது உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். (அதிகம் படித்தால் புத்தி இப்படித்தான் போகும்.) வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும் அத்தை உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"தம்பி! வாடா, வா... அண்ணன் அனுப்பிச்சுதா?"

"இல்லத்த. ஆராய்ச்சிக்கு வந்தேன்."

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நடுநிலைமை கெட்டுவிடுமாம். அத்தையின் முகம் வாடியது, உடனே தேறிக்கொண்டார். "எதுக்கோ வந்தல்ல, ஒக்காரு" என்று சொல்லிவிட்டு மாமாவுக்குக் கண்ணைக் காட்டினார். சற்று நேரத்தில் கொல்லையில் ஒரு கோழி கடைசியாகக் கத்தியது.

அவர் குழம்பு வைக்க, நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வினாத்தாளைப் பிரித்தேன்.

"ஏழாவது கேள்வித்த. ஒங்க அண்ணன நெனச்சா ஒங்களுக்கு என்ன தோணுது? கோவம், வருத்தம், அலட்சியம், எதுவுமில்ல. நாலுல ஒண்ணு சொல்லுங்க."

அத்தை கரண்டியை நிறுத்தி யோசித்தார். "சந்தைக்குப் போறப்ப அண்ணன் சாடையில யாராச்சும் சைக்கிள்ல போனா, வூடு வந்து சேர்ற வரைக்கும் நெஞ்ச அடைக்குதுடா. அது எதுல வரும்?"

பட்டியலில் தேடினேன். எதிலும் வரவில்லை. 'எதுவுமில்லை' என்பதற்கு நேராக டிக் போட்டேன்.

சமையல் முடிந்து இலை போட்டாயிற்று. எங்கள் பக்கம் பேச்சு அறுந்த வீட்டில் கை நனைப்பதில்லை. சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் மத்தியஸ்தம் பேச வேண்டியதில்லை. (இதை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் பதினோரு பக்கத்துக்கு நானே எழுதியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்!)

"சாப்பாடு வேணாத்த. தண்ணி மட்டும் குடுங்க."

சோற்றை அள்ளிய கை அப்படியே நின்றது. "ஏன்டா?"

"பேட்டி எடுக்குற வூட்டுல சாப்புடக் கூடாதுன்னு எங்க மேடம் சொல்லிருக்காங்க."

"எந்த மேடம்டா அத்த வூட்டுல சோறு திங்காதன்னு சொல்லும்?"

மாமா குறுக்கே புகுந்தார். "விடு. அவங்க வூட்டுல சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க" என்றார்.

செம்புத் தண்ணீரைக் குடித்தேன். அத்தோடு கிளம்பியிருந்தால் பாதிப் பாவம் குறைந்திருக்கும். நானோ பேட்டிக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கும் ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து போடுங்கத்த" என்றேன்.

மாமா எழுந்துவிட்டார். "கை நனைக்க மாட்டானாம். கையெழுத்து மட்டும் வேணுமாம்."

அத்தை படிவத்தைப் படிக்கவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, "எடுத்துட்டுப் போப்பா" என்றார். அண்ணன் வீட்டிலிருந்து தங்கையிடம் கையெழுத்துக் கேட்டு வரும் காகிதம் எங்கள் ஊர்களில் ஒன்றுதான்: பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதி வாங்கும் பத்திரம். அது எனக்கு உறைத்தபோது பஸ் பெரம்பலூரைத் தாண்டிவிட்டது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். அறுபது முடிந்துவிட்ட நிம்மதியில் தூங்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா யாரிடமும் சொல்லாமல் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு அரும்பாவூர் போனார். (இந்த முறை உறவினர் வரிசையில் மாமாவின் பெயர்தான் முதலில்.) சாயங்காலம் திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"அங்க போயிருந்தியா?"

"ஆமாப்பா."

"சாப்புட மாட்டேன்னியா?"

தலையாட்டினேன்.

"எனக்கும் தண்ணி மட்டும்தான் குடுத்தாங்க" என்றார். நான்கு அறை விட்டிருந்தால் தேவலை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வினாத்தாள், படிவம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அரும்பாவூருக்கு ஓடினேன். அத்தை உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நம்பவில்லை என்பதை எங்கள் பக்கம் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள்.

அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. நான்கு வருடம் கழித்து அப்பா இறந்த அன்றுதான் அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். அழுத அழுகையில் அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் கிட்டே போகவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். அத்தை எனக்குப் பக்கத்து இலை. சோறு என்னிடம் வரும்போது எதிர்வரிசையிலிருந்து மாமா உரக்கச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்குத் தண்ணி மட்டும் வையிப்பா. ஆராய்ச்சிக்கு வந்திருக்கு!" பந்தியே சிரித்தது. இன்றுவரை எந்த விசேஷத்திலும் என் இலையைப் பார்த்து யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை. என் மகள்கூடச் சொல்கிறாள். கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நானே இந்தக் கதையைச் சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்று அத்தையும் சிரித்தார். சிரித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "அன்னிக்கு நீ ரெண்டு வாய் சாப்புட்டிருந்தீன்னா, ஒங்கூடயே பஸ் ஏறி அண்ணனப் பாக்க வந்திருப்பேன்டா" என்றார்.

மாணவர்களிடம் அதை மட்டும் சொல்வதில்லை.