நேர்காணலைக் கரைத்துக் குடித்தவர்

வேலை தேடுகிறவர்களைவிட அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் பெருத்துவிட்ட காலம் இது, வாசகரே! அந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்று, பின்லாந்தில் எங்கள் ஏரிக்கரை ஊரில் நடமாடுகிறது. பெயர் இல்போ. குடிநீர் அலுவலகத்தில் உத்தியோகம். முப்பது வருடத்துக்கு முன்னால், கோடை விடுமுறையில் போன யாருக்கோ பதிலாக ஒரு மாதம் உட்கார வந்தவர். போனவர் திரும்பாததால் அப்படியே தங்கிவிட்டார். அதாவது, மனிதர் ஜென்மத்தில் ஒரு நேர்காணலுக்கும் போனதில்லை. அதனால் என்ன? எந்தக் காலை முதலில் வைத்து நுழைவது, கையை எவ்வளவு அழுத்திக் குலுக்குவது, காப்பி கொடுத்தால் எத்தனை வாய் குடிப்பது, கூட வைக்கிற ஏலக்காய் பன்னைத் தொடலாமா கூடாதா என்று, நீங்கள் கேட்காமலே, கடையில் பால் வாங்க நிற்கும்போதே பிடித்துக்கொண்டு சொல்லுவார். தப்பித்தவர் கிடையாது.

காகித ஆலையை மூடினார்கள். இல்போவுக்கு யோகம் அடித்தது. முந்நூறு பேருக்கு வேலை போயிற்று, இவருக்கு முந்நூறு சீடர்கள்! அவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டு அர்மாஸ். ஐம்பத்தாறு வயது, வாயில்லாப் பூச்சி. ஊர்ப் பனிச்சறுக்கு அரங்கில் இயந்திரம் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே மகள் வீட்டில் ஒண்ட வேண்டியதுதான் என்று மனைவி மார்கெத்தா சொல்லிவிட்டாள். அர்மாஸ் தன் கையாலேயே கட்டிய வீடு அது.

பயிற்சி எங்கே? ஆவிக்குளியலறையில்தான், இங்கே பெரிய விஷயமெல்லாம் அங்கேதான் பேசுவோம். நாங்கள் மூவரும் பிறந்த மேனிக்கு மேல்பலகையில் உட்கார்ந்திருக்க, பதில் தப்பினால் இல்போ அடுப்புக் கல்மேல் ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றுவார். ஆவி காதைப் பொசுக்கும்.

“உன் குறை என்னடா?”

“எனக்கு அதிகமாப் பேச வராது.”

ஒரு அகப்பை. உஸ்ஸ்!

“உண்மையைக் கேட்டாங்களாடா உன்னை? ‘அளவுக்கு மீறி உழைக்கறதுதான் என் குறை’ன்னு சொல்லு!”

“அது பொய்யில்லையா?”

இரண்டு அகப்பை. தப்பே செய்யாத நானும் சேர்ந்து வெந்தேன்.

இப்படி நாற்பது பதில்களை உருப்போட வைத்த பிறகு, கடைசி ரகசியத்தை அவிழ்த்தார் இல்போ. எங்கள் மொழியில் ‘நோ நீன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆரம்பிக்கலாம் என்றாலும் அதுதான், முடிந்தது என்றாலும் அதுதான். சொல்கிற தொனியில்தான் பொருள்.

“கேள்வி கேக்கற நிர்வாகியம்மா அதை இழுத்துச் சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். உடனே எழுந்துடணும். பசை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கிறவனுக்கு எவன்டா வேலை குடுப்பான்?”

அந்த நாளும் வந்தது. அரங்கத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். காப்பி ஊற்றினார்கள். அர்மாஸ் கணக்காக மூன்று வாய் குடித்தார். நிர்வாகி அவுலிக்கி அம்மாள் காகிதங்களை அடுக்கினார், மூக்குக்கண்ணாடியைப் போட்டார், பெருமூச்சு விட்டார். “நோஓஓ நீன்...”

அர்மாஸ் எழுந்தார். மூவரின் கையையும் சரியான அழுத்தத்தில் குலுக்கினார். தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்!

“என்ன கேட்டாங்க?” என்றாள் மார்கெத்தா.

“பால் வேணுமான்னு.”

அவள் கண்ணைத் துடைக்கத் துணி எதுவும் தேடவில்லை. சமையல் மேடைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். இல்போ கையில் கிடைத்திருந்தால் ஆவிக்குளியல் தண்ணீரை அண்டாவோடு அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

மறுநாள் காலையில் அவுலிக்கி அம்மாளே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏங்க, நாங்க ஆரம்பிக்கவே இல்லையே, அதுக்குள்ள ஏன் போயிட்டீங்க?”

“முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.”

“நல்ல வேலை செஞ்சீங்க! உங்களுக்கு முன்னாடி வந்த ஆறு பேரும் ‘அளவுக்கு மீறி உழைக்கறதுதான் என் குறை’ன்னு ஒப்பிச்சிட்டுப் போனாங்க, ஒரு எழுத்து மாறாம! நீங்களும் அதையே சொல்லப்போறீங்களேன்னுதான் பெருமூச்சே விட்டேன். சரி, அரங்கத்து ஐஸ் தரையை மழமழன்னு இழைக்கிற வண்டி இருக்கே, அதை ரிப்பேர் பாப்பீங்களா?”

“பாப்பேன்.”

“குறை ஏதாவது?”

“பேச வராது.”

“அப்பாடா!” என்றார் அந்த அம்மாள். வேலை கிடைத்துவிட்டது, வீடு பிழைத்தது.

இல்போ என்ன சொன்னார் என்றா கேட்கிறீர்கள்? “பாத்தியா, எந்திரிச்சு வான்னு சொன்னது யாரு?” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். தோற்ற ஆறு பேரைப் பற்றிக் கேட்டால், “அவங்க சரியாப் பயிற்சி எடுக்கலை” என்கிறார்.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒன்று. அர்மாஸ் தொப்பியை மாட்டிய அந்த நிமிடத்தில், ஐயோ அவர் வீடு போகிறதே என்று உங்களுக்குத் தோன்றியதா, அல்லது “அட, இப்படியா செய்வது, நானாயிருந்தால்...” என்று உதடு அசைந்ததா? அசைந்ததென்றால், கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்: நீங்கள் கடைசியாக நேர்காணலுக்குப் போனது எந்த வருடம்?