சிவப்புத் துணி கட்டிய பெட்டி

கெலிஓயா,
1997 ஆவணி.

என் கூடப் பிறந்த தம்பி வீரையாவுக்கு, அக்கா நல்லம்மா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லாரும் சுகம், மருமகன் பொன்னையாவின் கால்களைத் தவிர. உன் சுகத்தைக் கேட்க எனக்கு மனசில்லை. ஆனாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டுமாம், ஆகையால் கேட்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது உன் பிழை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றதே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததால்தான். நீ அழுவாய் என்று வாத்தியார் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தார்.

போன கிழமை நடந்ததைப் பொன்னையா சொல்ல மாட்டான், உனக்கு வேலைக்காரனும் நமக்கு மருமகனும் ஆச்சே. நான் சொல்கிறேன். கடுகண்ணாவைத் தேயிலை பெக்டரியில் கூரை மாற்றும் கொந்தராத்து வேலை உனக்குக் கிடைத்ததும், வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் வந்து ரெண்டு கயிற்றுப் பெட்டி கொடுத்தார் அல்லவா? பெட்டியை மேலே உத்திரத்தில் மாட்டி, அதிலிருந்து வரும் கம்பிக் கயிற்றை இடுப்புவாரில் கொளுவிக்கொண்டால், மெதுவாகப் போனால் கயிறு கூடவே வரும், திரும்பி வந்தால் தானாகச் சுருண்டு உள்ளே போகும், கால் தவறி வெடுக்கென்று இழுபட்டால் உள்ளே பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்வதற்கு அவர்கள் சொல்வது 'லொக்'. அந்தச் சொல்லில்தான் வந்தது வினை. பொன்னையா காலை வைத்த கூரைத் தகடு உடைந்து, அவன் விழுந்து, பெட்டி அவனை ஒரு முழத்திலேயே பிடித்து, அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, "லொக் ஆயிருச்சு! லொக் ஆயிருச்சு!" என்று கத்தியிருக்கிறான். கீழே நின்ற சிங்களப் பையன்களுக்கு 'லொக்கா' என்றுதானே கேட்கும்? லொக்கா வருகிறார், பெரிய முதலாளி வருகிறார் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடி ஆணி பொறுக்க, கூரை மேல் பீடி குடித்துக்கொண்டிருந்த நீ எல்லாருக்கும் முதல் ஆளாக இறங்கி, வாயைக் கொப்பளித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கேட் வாசலில் போய் கையைக் கட்டி நின்றாயாம். மேலே என் மகளின் தாலி தொங்குகிறது, கீழே நீ வராத முதலாளிக்குக் கும்பிடு போடுகிறாய்!

கடைசியில் யாரோ நிமிர்ந்து பார்த்து ஏணி வைத்து இறக்கினார்கள். இறக்கும்போது அவனுக்குக் கால் ரெண்டும் மரத்துப்போய்க் கிடந்தது. வாரில் தொங்குகிறவனைச் சும்மா விட்டால் ரத்தம் கீழேயே தங்கிவிடும், விழாமலே செத்துப்போவான், அதனால் ஒருவன் ஏறுவதற்கு முன்னாலேயே அவனை எப்படி இறக்குவது என்று யோசித்து வைக்க வேண்டும் என்று இஞ்சினியர் படித்துப் படித்துச் சொன்னாராம். பெட்டி தலைக்கு மேலே இருக்க வேண்டும், அதை விட்டு ஓரமாக வெகுதூரம் போனால் விழும்போது கோயில் மணி மாதிரி ஆடிப்போய்ச் சுவரில் அடிபடுவாய், தினமும் ஏறுமுன் இழுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாராம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒரு ஆளைப் பிடித்த பெட்டியை மறுபடி தொடக்கூடாது, சிவப்புத் துணி கட்டி ஒதுக்கிவிட வேண்டும் என்றாராம். அதற்கு நீ என்ன சொன்னாய்? "புடிச்ச பொட்டிதான்டா ராசியான பொட்டி. புடிக்காதத எப்படி நம்புறது?" அதே பெட்டியில் அவனைத் திரும்பவும் ஏற்றப் பார்த்தாய். அவனுக்குக் கால் வீங்கியதால் தப்பினான்.

எனக்கு இது ஆச்சரியமே இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் நம் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைக்க வந்தார்களே, அப்போது நாம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு ஓடவில்லையா? பரண் மேலே முதலில் ஏறினவன் யார்? ஏறின கையோடு ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டவன் யார்? நான் என் மகள் பாலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று "தம்பி, ஏணி! தம்பி, ஏணி!" என்று கத்தவும் முடியாமல் முணுமுணுத்தேன். பிறகு கோப்பிச் செடிகளுக்குள்ளே விடியும்வரை அட்டை கடிக்கக் கடிக்கக் கிடந்தோம். காலையில் இறங்கி வந்து, "மறந்துட்டேங்க்கா" என்றாய். நான் மறக்கவில்லை.

ஆகவே நேற்று நானே புறப்பட்டு வந்தேன். நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தீர்கள். பெக்டரி ஸ்டோரில் ரெண்டு பெட்டியும் தொங்கியது. ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைக் கண்டதும், அட, தம்பி ஒரு சொல்லாவது கேட்டானே என்று உன்னைப் பற்றி நல்லதாகக்கூட நினைத்துவிட்டேன். ஆனாலும் கண்முன் இருந்தால் நீ அதை எடுப்பாய் என்று தெரியும். பெட்டியைக் கழற்றி, முருங்கைக்கீரைக்கு அடியில் பையில் வைத்து பஸ் ஏறிவிட்டேன்.

பேராதனைப் பக்கம் செக்பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கினார்கள். கீரைக்குள்ளிருந்து இரும்புப் பெட்டியும் கம்பியும் வந்தால் ஆர்மிக்காரன் சும்மா விடுவானா? "மொகக்த மே?" என்றான், இது என்ன என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மினிஸ்ஸு அல்லனவா" என்றேன், ஆட்களைப் பிடிக்கும் என்று. அவன் முகம் மாறிவிட்டது. ஆட்களைப் பிடிப்பது அவன் வேலை ஆச்சே! ஒருவன் கயிற்றை இழுத்துப் பார்த்துக் கையை விட, அது சர்ரென்று உள்ளே ஓடியதில் ரெண்டு பேர் துவக்கை நீட்டியபடி தரையில் படுத்துவிட்டார்கள். பிறகு நானே மெதுவாக இழுத்துக் காட்டி, வெடுக்கென்று இழுத்தும் காட்டினேன். டக்கென்று நின்றது. பெரியவன் சிரித்துவிட்டான். கீரையைக்கூடத் திருப்பிக் கொடுத்தான். நீ எனக்கு இதுவரை எதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய்?

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைப் பழைய கக்கூஸ் குழியில் போட்டு மண்ணும் தள்ளிவிட்டேன். வேண்டுமானால் இறங்கி எடு. நாளைக்குப் பொன்னையாவுக்குப் பதில் நீயே கூரையில் ஏறுவதாகக் கேள்வி. தாராளமாக ஏறு. மிச்சமிருப்பது நல்ல பெட்டிதான். உன் உயிரை நான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

உன் பெண்சாதி இராஜேஸ்வரியையும் பிள்ளைகளையும் முனியாண்டி சாமி காப்பாற்றட்டும். அவர்களைக் காப்பாற்றி முடித்துவிட்டு, நேரம் இருந்தால் உன்னையும்.

இப்படிக்கு,
உன் அக்கா (அதை இனி மாற்ற முடியாது),
நல்லம்மா.

பின்குறிப்பு: எழுதியதைப் பொன்னையாவுக்குப் படித்துக் காட்டினேன், மெச்சுவான் என்று. கட்டிலில் எழும்பி உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஐயோ அத்த, அது முனியாண்டி கோயில் துணி! பாலம்மா நேந்துகிட்டு வந்து நல்ல பொட்டியிலதான் கட்டுனா!" என்கிறான். அவன் விழுந்தபோது பிடித்த பெட்டியில் நீ எந்தத் துணியும் கட்டவில்லையாம். உன்னைப் பற்றி நினைத்த நல்லதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். குழியில் கிடப்பது நல்ல பெட்டி. உன் தலைக்கு மேல் தொங்குவது அவனைப் பிடித்த பெட்டி. தாராளமாக ஏறு என்று மேலே எழுதியதை அடித்துவிடு. ஏறாதே. தபாலை நம்பாமல் லொறிக்கார மஹ்ரூப் கையில் இதைக் கொடுக்கிறேன், அவர் விடியும்போதே அந்தப் பக்கம் வருகிறார். நீ கீழே நின்றால் கடிதத்தைக் கொடுப்பார். மேலே நின்றால், "லொக்கா வாறார்!" என்று கத்தச் சொல்லியிருக்கிறேன். அக்கா சொன்னாள் என்றால் நீ இறங்க மாட்டாய். அன்றுபோல விழுந்தடித்து இறங்காமல், ஏணியைப் பிடித்து மெதுவாக இறங்கு. அந்த ஏணி விஷயத்தை நான் இன்னும் உன்னிடம் நேரில் கேட்கவில்லை. அதற்கு நீ உயிரோடு வேண்டும்.