எருமை முதுகில் எட்டாத இடம்

ஒரு காட்டில், செல்போன் டவரும் ஆஸ்பத்திரியும் வந்து நாகரிகப்பட்டுவிட்ட ஒரு காட்டில், ஒச்சாயி என்றோர் எருமை இருந்தது. எருமைமாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று அதன் குலத்தையே ஏளனமாகப் பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, முதுகு அரித்தால்தானே தெரியும்! ஒச்சாயிக்கு அரித்தது. முதுகின் நட்டநடுவில், கொம்பும் எட்டாமல் வாலும் எட்டாமல் நாக்கும் எட்டாமல், சொல்லிவைத்த மாதிரி ஓரிடத்தில் அரித்தது.

முன்பெல்லாம் உண்ணிக்கொக்கு வந்து உட்கார்ந்து கொத்திவிடும். இப்போது உழவுக்காலம். டிராக்டர் பின்னால் நடந்தால் புழு தானாக மேலே வருகிறது என்று கொக்குகள் மொத்தமும் வயலுக்குப் போய்விட்டன. ஒச்சாயி மரத்தில் உரசிப் பார்த்தது. விலாதான் தேய்ந்தது. தூக்கம் போயிற்று, அசைபோடும் சுகமும் போயிற்று.

"மதினி, கரடி டாக்டர்ட்ட போயேன். அவருக்கு நகம் எம்புட்டு நீளம்!" என்றது குளத்துச் சேற்றில் பக்கத்தில் கிடந்த வெள்ளைத்தாயி எருமை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தொடுதிரை, அதில் எருமைப் படம். உபாதை உள்ள இடத்தைத் தொடச் சொன்னது. ஒச்சாயி குளம்பை வைத்ததும் படம் முழுவதும் மூடிக்கொண்டது. பல், கண், எலும்பு, பிரசவம் என்று எல்லாப் பிரிவுக்கும் டோக்கன் வந்து விழுந்தது. பாவம், எல்லா வரிசையிலும் நின்றுவிட்டுத்தான் கரடியிடம் போய்ச் சேர்ந்தது.

"எங்கம்மா அரிக்குது?"

"அங்கதான் டாக்டர்."

"அங்கன்னா எங்க? பேர் இல்லாத இடத்துக்கு வைத்தியம் பாக்க முடியாதும்மா."

கரடி தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டியது. முகம் மலர்ந்தது. "அக்னெஸ்டிஸ்!"

ஒச்சாயி பதறிப்போய் மேசைக்கு மேல் முகத்தை நீட்டியது. "பொழைச்சுக்குவேனா டாக்டர்?"

"வியாதி இல்லம்மா, இடத்தோட பேரு. மிருகம் தன் முதுகுல தானே எட்டிச் சொறிஞ்சுக்க முடியாத இடம். அதுக்கும் ஒருத்தன் மெனக்கெட்டுப் பேரு வச்சிருக்கான் பாரு!"

"நல்லதாப் போச்சு. செத்த சொறிஞ்சு விடுங்க."

கரடி நகங்களைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டது. "எட்டாத இடம்னு புத்தகத்துல போட்டிருக்கு. நான் எட்டிட்டா அது வேற இடமாயிடும். வேற இடத்துக்கு வேற டோக்கன்."

அரிப்போடு போன ஒச்சாயி, அரிப்போடும் பெயரோடும் குளத்துக்குத் திரும்பியது. வாயில் நுழையாத அந்தப் பெயரைக் கேட்டதும் எருமைகள் எழுந்து வழிவிட்டன. நடுச்சேற்றில் குளுமையான இடத்தை ஒதுக்கிக் கொடுத்தன. "எனக்கும் அதேதான்னு நெனைக்கிறேன்" என்று ஒரு கிடேரி முனகியது. "ஒனக்கு இருக்கறது வெறும் முதுகுடி" என்று ஒச்சாயி அதன் வாயை அடைத்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மைனா முதுகில் வந்து இறங்கியது.

"இந்தா இருக்கு உண்ணி! எடுத்துரவா ஆத்தா?"

அலகு சரியாக அந்த இடத்துக்கு மேலே இருந்தது. ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரே ஒரு கொத்து போதும், பட்ட பாடெல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் குளமே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"எறங்குடி கீழ! கண்ட குருவியும் வந்து எட்டறதுக்கா இம்புட்டுப் பெரிய பேரு வச்சிருக்கு?"

மைனா பறந்துவிட்டது. அரிப்பு சுள்ளென்று ஏறியது, ஒச்சாயியின் கண்ணில் நீர் முட்டியது. வெள்ளைத்தாயி அதைப் பார்த்துப் பொறாமையில் பெருமூச்சு விட்டது.

நீதி: பெயர் தெரியாதவரை அது அரிப்பு. பெயர் தெரிந்துவிட்டால் அது அந்தஸ்து, சொறிந்து கெடுத்துக்கொள்ளாதீர்.