ஓய்வு நாளில் ஐந்நூறு குத்து

"ஞாயித்துக்கெயமை ரெஸ்ட்டு எடுன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன் மேடம். உங்க பொண்ணு காலைலருந்து ஐந்நூறு குத்து வுட்டுகினு கீது. சொல்பேச்சு கேக்காத புள்ள எனக்கு வாணாம். சனிக்கெயமை மேட்ச்சுக்கு வேற பொண்ண இட்டுகினு போறேன்."

போனில் ராயபுரம் பாக்ஸிங் மாஸ்டர்.

இந்த மேட்ச்சுக்காக என் மகள் ரூபா ஒரு வருஷமாக இனிப்பைத் தொடவில்லை. அவள் புண்ணியத்தில் எங்கள் வீட்டுத் தீபாவளிக்கே மிக்சர்தான்.

பாக்ஸிங் பழகுகிறவர்கள் கையில் சுற்றும் துணிப்பட்டைக்குள், மணிக்கட்டுப் பக்கம், புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி இருக்கும். எத்தனை குத்து, எவ்வளவு வேகம், எல்லாம் ரூபாவின் போன் வழியாக மாஸ்டர் போனுக்குப் போய்விடும். கோள்மூட்டுவதற்கென்றே செய்த பொருள்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். முதலில் விசாரணை, பிறகுதான் தண்டனை. ரூபா மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்குத்தான் எழுந்தேன், பட்டையைத் தொடவேயில்லை என்று சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. போனை இடது காதில் வைத்துக்கொண்டு, வலது கையை அவள் முகத்துக்கு நேரே வீசி வீசித் திட்டினேன்.

"தோ, இப்பகூட மூணு ஏறிச்சு!" என்றார் மாஸ்டர்.

ரூபா சோற்றுக் கையோடு என் மணிக்கட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

காலையில் மணிக்கட்டு வலி. கிரேப் பேண்டேஜ் தேடினேன், அகப்படவில்லை. அவள் பையில் இந்தப் பட்டை கிடந்தது. துணி துணிதானே என்று இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

எங்களுக்குத் திருவொற்றியூர். லாரிகள் தயவில் நாள் தவறாமல் வீட்டுக்குள் கரித்தூள். மிதியடி, தலையணை, சோபா உறை எல்லாவற்றையும் மொட்டைமாடிச் சுவரில் அடித்துத் தட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். இன்று காலையும் தட்டினேன், அந்தப் பட்டையோடு.

மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"பொண்ண காப்பாத்த பெத்தவ இன்னா வேணா சொல்லும். இது பழகின கை மேடம்."

பழகின கைதான். இருபது வருஷமாக!

ஒயர் கூடையில் மிதியடியை வைத்துக்கொண்டு, ரூபாவையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். மிதியடிக்கும் இடம் வேண்டும் என்றதற்குப் பக்கத்து ஆள் முறைத்தார். மாஸ்டரின் கூடத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டை சுற்றிய கையாலேயே ரிங் கம்பத்தில் மிதியடியை அடித்தேன். பத்து அடி. பாதிப் பேர் இருமினார்கள். ரூபா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாஸ்டர் முகத்திலிருந்த கரியைத் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தார். சரியாகப் பத்து ஏறியிருந்தது.

"சனிக்கெயமை ரூபாவ அனுப்பு எக்கா" என்றார். ஒரே நிமிஷத்தில் மேடம் அக்காவாகிவிட்டாள். பிறகு போனை என்னிடம் காட்டினார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி: அளவுக்கு மீறிய உழைப்பு, இரண்டு நாள் முழு ஓய்வு தேவை.

"மிசினு பொய் சொல்லாது எக்கா."

சாயங்காலம் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ரூபா தரையில் காலை நீட்டி உடம்பை வளைத்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்று அந்தச் சிவப்பு வரியை ஒப்பித்தேன். பிறகு கேட்டேன்.

"ரெண்டே ரெண்டு நாள். அந்த மிதியடியை யாராவது தட்டிப் போடுறீங்களா?"

டி.வி. சத்தம் கொஞ்சம் கூடியது.