சோறு வெந்தாதான் கப்பல் நிக்கும்

குந்துங்கப்பா, குந்துங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நடுவுல சிரிக்கிறவன் ஊட்டுக்குப் போயி, பொண்டாட்டி மூஞ்சிய நேருக்கு நேரா பாத்து ஒரு தபா சிரிச்சி காமிக்கணும். முடியாதுல்ல? அப்ப பொத்திகினு கேளுங்க. இங்க குந்திகினு இருக்கிற அத்தினி பேரும் டீக்கடையில புலி, ஊட்டுல பூனை. நான் ரெண்டு எடத்துலயும் பூனை. அதனால எங்கதையில பொய் கம்மி.

இது அறுபத்தாறு வைகாசில நடந்துச்சி. எனக்கு இருபத்திமூணு வயசு. கண்ணாலம் ஆயி எட்டு மாசம். ஒம்பதாங்கிளாஸ்ல பள்ளிக்கூடம் என்னை உட்டு ஓடிப்போச்சி. நான் துரத்தல. அதுக்கப்பறம் ஏழு வேலை பாத்தேன். பொன்னேரி ரைஸ்மில்லுல ஒம்பது நாளு, தும்மிகினே இருந்தேன். திருவள்ளூர்ல சைக்கிள் கடை, மூணு வாரம். மணவாள நகர்ல சோடா கடை, அரை நாளு. ஒரு பாட்டிலு வெடிச்சிது. அது வெடிச்ச சத்தம் அடங்கறதுக்குள்ள நான் ரயில் ஏறிட்டேன். மத்த நாலையும் சொன்னா டீ ஆறிடும்.

அப்ப நான் அத்திப்பட்டுல மாமனார் ஊட்டோட மாப்ள. மாமனார் பேரு ராஜமாணிக்கம். நாலு ஏக்கர் நெல்லு நெலம், நாப்பது ஏக்கர் கோவம். அவருதான் கால்வா கரையோரமா புதுசா தொறந்த போல்ட்டு கம்பெனியில யாரையோ புடிச்சி எனக்கு ஒரு எடம் வாங்கிட்டாரு. திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு சங்கு. சங்கு ஊதச்சொல்ல நான் கேட்டாண்ட நிக்கணும். நிக்கலன்னா பின்னாடி நிக்கிற ஆளுக்கு அந்த எடம் போயிடும். அவ்ளோதான், ரெண்டாவது பேச்சே கெடையாது.

எங்க ஊட்டுக்காரி குணசுந்தரிக்கு அந்த வேலை மேல உயிரு. ஏன்னா, சம்பளம் வந்தா தனியா ஒரு ரூமு எடுக்கலாம். அப்பன் ஊட்டுல புருசனை வெச்சிகினு ஒவ்வொரு வேளையும் தட்டு போட அவளுக்கு வெக்கம். கடைக்குப் போயி ஒரு பூட்டு கூட வாங்கி வெச்சிட்டா. ஊடு இல்ல, கதவு இல்ல, பூட்டு மட்டும் இருக்கு. டெய்லி அத்த தொடச்சி தொடச்சி வெப்பா. அத்த பாக்கச்சொல்லெல்லாம் என்னையே உள்ள வெச்சி பூட்டுற மாதிரி இருக்கும்.

வேலைக்கி போமாட்டேன்னு சொன்னா சண்டை. போவ முடியலன்னு சொன்னா? யாரு இன்னா பண்ண முடியும்? இதான் என் திட்டம். பெரிய திட்டம்பா. நாலு நாளு யோசிச்சேன். அந்த நாலு நாளு வேலை பாத்திருந்தா மேஸ்திரி ஆயிருப்பேன்.

குணாவோட அக்கா சந்திரகலான்னு ஒருத்தி. அவ புருசன் கப்பல்ல சமையக்காரன். அந்த வருசந்தான் அவளை மெட்ராஸ்லேந்து கல்கத்தாவுக்கு கப்பல்ல கூட்டினு போயி கூட்டினு வந்தான். வந்தவ தரையில நடக்கச்சொல்லவும் ஆடிகினே நடக்கிறா. கேட்டா, "கப்பல் பழக்கம் இன்னும் போவல"ன்றா. குணாவுக்கு அதுல ஒரு ஏக்கம். அத்த புடிச்சேன்.

"குணா, நாமளும் போலாம்."

"எங்க?"

"வடக்க. கப்பல்ல."

"எந்த கப்பலு?"

"ஏறச்சொல்ல பாரு."

"எப்ப திரும்புவோம்? திங்கக்கெழம கம்பெனி."

"ஞாயித்துக்கெழம சாயங்காலமே வந்துடுவோம். நான் சொன்னா சொன்னதுதான்."

அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அப்பறம், "செரி மாமா, போலாம்"ன்னா. அம்மாம் சுளுவா ஒத்துக்கிட்டப்பவே நான் உஷார் ஆயிருக்கணும்.

கப்பல் எது தெரியுமா? பக்கிங்காம் கால்வாயில போற கட்டைப் படகு. அத்திப்பட்டுலேந்து காலியா பழவேற்காடு ஏரி வழியா ஸ்ரீஹரிகோட்டா போவும். அங்க சவுக்கு கட்டை ஏத்திகினு திரும்பும். படகுக்காரரு பேரு சின்னராசு, எல்லாரும் அவரை நைனான்னுதான் கூப்புடுவாங்க. கூட மணவாளன்னு ஒரு ஆளு. அவ்ளோதான் கப்பல் பட்டாளம். முன்னாடி நாளே நான் போயி விசாரிச்சி வெச்சிட்டேன்.

"நைனா, போவ எத்தினி நாளு?"

"தெக்கத்தி காத்து அடிக்குது. பாயி கட்டுனா ஒன்றரை நாளு."

"திரும்ப?"

"காத்து எதுத்தாப்ல. பாரம் வேற. கரைல நடந்து கயித்தால இழுத்துகினு வரணும். நாங்க ரெண்டு பேருதான். மூணு நாளு ஆவும்."

"அப்ப வியாழக்கெழம கெளம்புனா?"

"கட்டை ஏத்தி வந்து சேர செவ்வாக்கெழம மத்தியானம்."

அவரு கால்ல உழலாம்னு பாத்தேன். கால்ல சேறு, உட்டுட்டேன்.

வியாழக்கெழம காலைல குணா கரைல நின்னுகினு படகை மேலயும் கீழயும் பாத்தா.

"இதான் கப்பலா மாமா?"

"சின்ன கப்பலு."

"போன வாரம் இதுல கட்டை வந்துச்சே."

"கல்கத்தா கப்பல்ல நிலக்கரி ஏத்துவான். அதுக்காவ அது கப்பல் இல்லன்னு ஆயிடுமா?"

"கேபினு எங்க?"

மூங்கில் தட்டி போட்ட எடத்த காமிச்சேன். உள்ள குனிஞ்சி பாத்தா. "அக்கா சொன்ன கேபின்ல மணவாளன் கைலி தொங்கல"ன்னா. ஆனா ஏறிட்டா.

போவச்சொல்ல நல்லாத்தான் இருந்துச்சி, பொய் சொல்ல மாட்டேன். பாயி புடைச்சிகினு படகு சர்ருனு போவுது. ஏரியில தண்ணி இடுப்பளவுதான், ஆனா கண்ணுக்கு எட்ன வரைக்கும் தண்ணி. ரோஸு கலர்ல கொக்கு மாதிரி பெரிய பறவைங்க, ஆயிரக்கணக்குல, ஒத்த கால்ல நின்னுகினு இருக்குது. "உன்ன மாதிரி மாமா. நின்ன எடத்துலேயே நிக்கிது, வேலைக்கி போவல"ன்னா குணா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. கல்கத்தாவ மறந்துட்டா போலன்னு எனக்கு சந்தோசம்.

அவளுக்கு தடா பக்கம் அம்மா ஊடு வழி சொந்தம், தெலுங்கு தண்ணியா வரும். எனக்கு தெரிஞ்ச தெலுங்கு டப்பு ஒண்ணுதான், அதுவும் கைல இருக்காது. பின்னாடி குந்திகினு நைனாவும் அவளும் தெலுங்குல பேசினே இருந்தாங்க. நடுவுல "சோமவாரம்"னு காதுல உழுந்துச்சி. எதோ சோமவார விரதம் வேண்டிக்கிறா, புருசன் நல்லாருக்கணும்னுதான் வேண்டுவான்னு நெனச்சிகினு தூங்கிட்டேன்.

சனிக்கெழம காலைல கட்டை ஏத்தி முடிஞ்சி திரும்பினோம். அங்கதான் பேஜாரு ஆரம்பம்.

இந்த படகுக்காரங்களுக்கு ஒரு பழக்கம் இருக்குது. படகு எதுக்கும் நிக்காது, சோத்துக்கு மட்டும்தான் நிக்கும். படகுலேயே அடுப்பு. ஒருத்தன் ஆக்குவான். பானைய எறக்குன எடத்துல படகை கட்டுவாங்க, துன்னுவாங்க, ரெண்டு மணி நேரம் படுப்பாங்க. எப்பவும் மணவாளன்தான் ஆக்குவான். அவன் ஆக்கினு இருந்தா கயித்துல நைனா ஒருத்தருதான். அதனாலதான் மூணு நாளு. எனக்கு இது கணக்குல இருந்துச்சி.

குணா புடவைய தூக்கி சொருவிகினு அடுப்பாண்ட போனா. "நைனா, இனிமே நான் ஆக்கறேன்."

மணவாளன் கண்ல தண்ணியே வந்துடுச்சி. நேரா கயித்துக்கு போயிட்டான். படகு வேகம் கூடிடுச்சி. நான் அடுப்பாண்ட ஓடினேன்.

"குணா, ஊர் சுத்த வந்த எடத்துல உனுக்கு எதுக்கு அடுப்பு? ரெஸ்ட் எடு."

"அக்கா புருசன் கப்பல்ல ஆக்கறாரு. எங்க கப்பல்ல நான் ஆக்கறேன்."

செரி, அடுத்த திட்டம். வவுத்து வலின்னு சுருண்டு படுத்தேன். படகை நிறுத்துவாங்க, நாட்டு வைத்தியரை தேடுவாங்க, அரை நாளு போவும்னு கணக்கு.

"வவுத்து வலிக்கு கஞ்சித்தண்ணிதான்"ன்னா. ஒரு டம்ளர்ல குடுத்துட்டு போயிட்டா. அதுல உப்பு கூட போடல.

மத்தியானம் படகை கட்டுனாங்க. பழவேற்காட்டு நண்டு, ஓடு ஒவ்வொண்ணும் என் கை அகலம். மொளகு தூக்கலா போட்டு குழம்பு. நைனாவுக்கு ஊத்துறா, மணவாளனுக்கு ஊத்துறா. நண்டு காலை மணவாளன் கடிக்கிற சத்தம் ஆந்திராவுக்கே கேட்டிருக்கும். எனக்கு வவுத்து வலி அஞ்சி நிமிசத்துல போயிடுச்சி.

"குணா, எனக்கு?"

"கயிறு புடிச்சவங்களுக்குத்தான் மொதல்ல. மிச்சம் இருந்தா மத்தவங்களுக்கு. படகு வழக்கம், நான் இன்னா பண்றது. நைனா, மிச்சம் இருக்குதா?"

நைனா சட்டிய வழிச்சி நக்கிகினு "லேது"ன்னாரு. அந்த தெலுங்கு எனக்கு நல்லா புரிஞ்சிது.

கொஞ்ச நேரம் இழுத்தா இன்னா ஆவும்? நான் ஒருத்தன் கை வெச்சா படகு ரயிலா ஆயிடுமா? ராத்திரி சோத்துக்காவ கயித்த தோள்ல போட்டேன். மெதுவா இழுக்கணும்னுதான் நெனச்சேன்.

"குணா, சோறு எங்க?"

"அதோ அந்த பனைமரத்தாண்ட."

பனைமரம் வந்துச்சி. குணா தலைய நீட்டி சொல்றா, "இன்னும் வேகல மாமா. அடுத்த மடையாண்ட."

மடை வந்துச்சி.

"கட்டை ஈரம் மாமா. பொகையுது."

"ஏன்டி, படகு முழுக்க கட்டைதானே? அதுல ஒண்ணு கூடவா காயல?"

"அது விக்கிற கட்டை. நைனா கை வெக்கக் கூடாதுன்னுட்டாரு."

சனி சாயங்காலம் அப்படி. ஞாயித்துக்கெழம பூரா அப்படி. பனைமரம், மடை, உப்பளம், ஒரு கோயில் கோபுரம். ஒவ்வொரு எடத்துலயும் சோறு இருக்குதுன்னுவா, போனா அடுத்த எடத்துக்கு ஓடிடும். வாசனை மட்டும் கரெக்டா காத்துல வரும். காத்து எதுத்தாப்ல அடிக்கிதேன்னு படகு திரும்புற எடமா பாத்து சட்டி மூடிய தொறப்பா, மூக்குக்கு நேரா வந்து நிக்கும். மெதுவா இழுத்தா சோறு லேட்டு. சோறு லேட்டானா எனக்குதான் பசி. என் திட்டத்தோட நானே சண்டை போட்டுகினு இழுத்தேன். கடைசில போடுவா, அத்த சொல்லணும். மொத கரண்டி எனக்குதான். துன்னுட்டு அந்த கட்டைங்களோட கட்டையா கெடப்பேன்.

ஒண்ணு கேப்பீங்க, ஏன்டா, எங்க வந்துட்டோம்னு பாக்கலியான்னு. கயிறு இழுத்திருக்கியா நீ? இழுக்கிறவனுக்கு தெரியறது ரெண்டு கட்டைவெரலும் ரெண்டடி மண்ணும்தான். நைனா செவ்வாக்கெழமன்னு சொல்லிட்டாரு, நைனா வாக்கு தப்பாதுன்னு மனசுல ஒரு தெம்பு வேற.

திங்கக்கெழம விடிய முன்னாடியே எழுப்பிட்டா.

"நாஷ்டா எப்ப?"

"பழைய சோறு, நேத்து வெச்ச நண்டு குழம்பு, சுண்ட வெச்சிருக்கேன். அந்த வளைவு தாண்டி ஒரு படித்துறை வரும் மாமா. அங்கதான்."

நேத்து வெச்ச நண்டு குழம்பு. உங்களுக்கு தெரியும் அது இன்னான்னு. தலைய குனிஞ்சேன், இழுத்தேன். வளைவு வந்துச்சி, படித்துறை வந்துச்சி. படித்துறையில ரெண்டு காலு. வெள்ளை வேட்டி. மெல்ல தலைய தூக்கினேன்.

மாமனாரு. கைல இஸ்திரி போட்ட பேண்ட்டு சட்டை. அவரு பின்னாடி அம்பதடி தூரத்துல போல்ட்டு கம்பெனி கேட்டு.

"வாங்க மாப்ள. கெளம்பச்சொல்ல குணா சொல்லிட்டுதான் போனா, எப்படியாவது திங்கக்கெழம சங்குக்கு முன்னாடி உங்கள நேரா இங்கியே எறக்கிடறேன்னு. இன்னும் இருவது நிமிசம் இருக்குது"ன்னாரு.

அவரு என்னை வாங்கன்னு கூப்ட்டது அதான் மொத தபா. பயந்துட்டேன்.

படகை திரும்பி பாத்தேன். குணா தூக்குசட்டியோட எறங்கி வர்றா. ஆடாம அசையாம நடக்கிறா.

"நைனா செவ்வாக்கெழமன்னாரே?"

"ரெண்டு ஆளு இருந்தா செவ்வாக்கெழம. மூணு ஆளு இருந்து, ஆக்கறதுக்கு தனியா ஒருத்தரு இருந்தா திங்கக்கெழம காலைலன்னாரு. போவச்சொல்லவே கேட்டுட்டேன்."

"மூணாவது ஆளு எங்கேந்து வரும்னு கேக்கலியா?"

"கேட்டாரு. தூங்கினு இருக்குது, திரும்பி வரச்சொல்ல எழுப்பிக்கலாம்னேன்."

தூக்குசட்டிய கைல குடுத்தா. சட்டை காலரை சரி பண்ணி உட்டா. "இன்னிக்கி சாயங்காலம் அக்கா வரா மாமா. கல்கத்தா கப்பலு நடுக்கடல்ல அஞ்சி மணி நேரம் ரிப்பேராயி நின்னுச்சாம். நம்ம கப்பலு சோத்துக்கு தவிர ஒரு நிமிசம் நிக்கலன்னு சொல்லணும்"ன்னா.

சங்கு ஊதிச்சி. உள்ள போனேன். ஏழு வருசம் ஆவுது, இன்னும் வெளில வரல. ஞாயித்துக்கெழம மட்டும் உங்களாண்ட உடறா.

போதும், சிரிச்சது போதும். அவ ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியாதீங்க. அந்த வளைவுக்கு முன்னாடியே நைனாவும் மணவாளனும் கயித்த உட்டுட்டு படகுல ஏறி குந்திட்டாங்கப்பா. கடைசி அரை மைலு நான் தனியாத்தான் இழுத்தேன். அதுவும் ஓடிகினே.