யோகமலர் ஈ-லீவ் வென்ற படலம்

வாழ்க யோகமலர்! பிளாஸ்டிக் நாற்காலிகள் நாளெல்லாம் பிறந்துகொண்டேயிருக்கும் ஈப்போத் தொழிற்பேட்டையில், மனிதவளத் துறை என்னும் ஒருமேசைப் பெருநாட்டைத் தன்னந்தனியாகக் கட்டியாண்ட கோமகள் வாழ்க! கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மார்க்கர் பேனாவும் படைக்கலங்களாகப் பூண்டவள், சம்பளம் தாமதமான நாளிலும் புறமுதுகு காட்டாது கேன்டீனுக்குள் நுழைந்து மீ கோரெங் வாங்கித் திரும்பிய மறத்தி, அவள் பெற்ற பெருவெற்றியைப் பாடப் புகுகிறோம். திரை நடுவே ஓயாமல் சுழலும் வெள்ளை வட்டமே, எத்தனை பேர் பொறுமையைத் தின்றும் பசியாறாத பரம்பொருளே, சற்றே நின்று எங்களுக்கு வழிவிடு. இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம்.

கோலாலம்பூர்க் கோட்டையின் உச்சி மாடியில், வெளியே வெயில் கொளுத்த உள்ளே கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு கொலுவீற்றிருந்த தலைமையகத்தார் ஒருநாள் திருமுகம் விடுத்தனர். "ஊழியர்காள், கேண்மின்! இனி எவரும் தாளில் லீவு கேட்கலாகாது. மேலாளரைக் கார் நிறுத்துமிடத்தில் மறித்தும் கேட்கலாகாது. ஈ-லீவ் என்னும் மென்பொருளில் மட்டுமே கேட்டல் வேண்டும். ஈப்போக் கிளையின் முப்பத்தெட்டுப் பேரும் அதனைக் கற்றுத் தேர்வில் தேறும்வரை அக்கிளையில் யாருக்கும் லீவு இல்லை. இப்பயிற்சித் திட்டத்தின் தலைவி யோகமலர்!" தலைவிக்குச் சம்பளம் கூடுமா என்பது பற்றித் திருமுகம் வாய் திறக்கவில்லை.

லீவில்லை என்ற சொல் மற்றவர் காதில் கொசுவாய்ப் பாடிப் போனது. யோகமலர் நெஞ்சிலோ இடியாய் இறங்கியது. ஏனெனில் அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை தெலுக் இந்தானில் அவளுக்குப் பரிசம். கம்பெனி வேலையால் ஏற்கெனவே இருமுறை தள்ளிப்போன பரிசம். மாப்பிள்ளை ஜெகதீபன் பொறுமைக்கடல்; அவனைப் பெற்ற அம்மையார் அப்படியல்லர். "இங்க பாரும்மா, இந்த வாட்டியும் வேலைன்னு தள்ளுனீன்னா, நீ அந்தக் கம்பெனியவே கட்டிக்க. எம்மவனுக்கு நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்று அவர் தொலைபேசி வழியே போர்முரசு அறைந்துவிட்டார். வெள்ளியும் சனியும் லீவு வேண்டும். அதற்கு முப்பத்தெட்டுப் பேரும் தேறியாக வேண்டும்.

மூண்டது முதற்போர்! மீட்டிங் அறை என்னும் களத்தைக் கூட்டிப் பெருக்கி, புரொஜெக்டர் என்னும் ஒளியுமிழ் எந்திரத்தை உயரத்தில் நிறுவி, சுவரெல்லாம் அம்புக்குறிகள் பறக்க, அகல நிரைத்த நாற்காலிகளுக்கு முன்னே, போர்க்கோலம் பூண்ட கொற்றவையென நிமிர்ந்து நின்றாள் யோகமலர். நாற்காலிக் கம்பெனியில் நாற்காலிக்கா பஞ்சம்? ஆளுக்குத்தான் பஞ்சம். வந்தவர் ஒரே ஒருவர். அவரும் குளிரூட்டி இருக்கிறதே என்று வந்தவர், முதல் படம் மாறுவதற்குள் உறங்கிப்போனார்.

தலைவி பணியறைதோறும் படையெடுத்துச் சென்றாள். அச்சு வார்ப்புப் பிரிவார் மெஷினைக் காட்டினர், விற்பனைப் பிரிவார் ஃபோனைக் காட்டினர், சிலர் அவள் தலையைக் கண்டதும் கழிவறையைக் கோட்டையாக்கிக் கதவடைத்தனர். கிடங்கின் காவலராம் தனபாலன், கொடுக்கு மீசையர், அதட்டியே லோரிகளைப் பின்னோக்கி நகர்த்த வல்லவர், இடுப்பில் கைவைத்து முழங்கினார்.

"தங்கச்சி, லோரி வந்து நிக்குது. நீ அங்க படம் காட்டுனா, இங்க சாமான் தானா எறங்கிக்குமா?"

"அரை மணி நேரம் தாண்ணே. ப்ளீஸ்ணே."

'ப்ளீஸ்' என்ற சொல்லுக்கு இளகிய அப்பெருந்தகை வந்து அமர்ந்து, கடவுச்சொல் என்னும் முதல் வாயிலிலேயே சிறைப்பட்டார். பெரிய எழுத்து ஒன்று வேண்டும் என்றது மென்பொருள். தந்தார். எண் ஒன்று வேண்டும் என்றது. அதையும் தந்தார். போதாது, நீ தந்தது பலவீனம் என்று சிவந்து காட்டியது.

"எம்பேர போட்டா பலவீனம்ங்குது. யாரப் பாத்து லா பலவீனம்ங்குது இது?" என்று கர்ஜித்து எழுந்தவர், எழுந்த வேகத்தில் தாம் அமர்ந்திருந்த கம்பெனி நாற்காலியின் ஒரு காலை உடைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க ஒருவரும் தேறவில்லை.

ஐயகோ, யோகமலர்! பரிச நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெகதீபன் வேறு காலையும் மாலையும் "லீவு கெடச்சிருச்சா?" என்று செய்தி விடுத்துக்கொண்டிருந்தான். அந்த வேளையில் அவள் மேசையருகே வந்து நின்றார் கணக்குப் பிரிவின் காக் சாலெஹா, எல்லாருக்கும் அக்கா. அன்பே உருவானவர், அலுவலகத்தில் எவருக்குத் தலைவலி என்றாலும் தைலக் குப்பியோடு தோன்றுபவர்.

"மலர், நீ படிச்சவதான், ஆனா இது தெரியலியே ஒனக்கு? மக்கான், சாப்பாடு எதுவும் போடாம இந்த ஊர்ல எவன் கோர்ஸுக்கு வருவான்? போன வருஷம் தீயணைப்பு கோர்ஸுக்கு நாசி லெமாக் குடுத்தாங்க. நெருப்பே இல்லாம எல்லாரும் ஓடி வந்தாங்க பாத்தியா?"

கண் திறந்தது கோமகளுக்கு. அன்றே வாட்ஸ்அப் குழுவில் அவளது பிரகடனம் பறந்தது. "வீரர்காள்! புதன் மாலை மூன்று மணிக்குப் பயிற்சி. முடிவில் சுடச்சுடக் கறிபாப், குவே லாப்பிஸ், தே தாரேக். தேர்வில் தேறியவர்க்கே உணவு!" கடைசி வாக்கியத்தை எழுதியபோது தன் சாமர்த்தியத்தை எண்ணி அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பாவம்.

புதன்கிழமை வந்தது. படை வந்தது! லோரியை அப்படியே விட்டுவிட்டுத் தனபாலன் வந்தார். ஃபோனைக் காட்டியவர் ஃபோனோடு வந்தார். கழிவறைக் கோட்டைகள் தாமே திறந்துகொண்டன. கிளை மேலாளர் மிஸ்டர் இயாப்பும், பிளாஸ்டிக் விலை பற்றி எவரிடமோ ஃபோனில் பேசியபடியே வந்து முன்வரிசையில் அமர்ந்தார். யோகமலர் முழங்கினாள், சுட்டிக்காட்டினாள், தொண்டை வறண்டாள். எழுபத்தாறு விழிகளும் மூலை மேசையில் மூடி வைத்திருந்த கறிபாப் தட்டையே கண்டன. பிறகு அவரவர் ஃபோனில் தேர்வு தொடங்கியது.

முதலில் தேறியவர் காக் சாலெஹா. தேறியவர் நேரே உணவு மேசைக்கு அல்லவா போக வேண்டும்? போகவில்லை. பக்கத்தில் பசியோடு விழித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார், மனம் தாளவில்லை. "குடு இப்படி" என்று அவருடைய ஃபோனை வாங்கி விடைகளைத் தாமே அழுத்தித் தந்தார். பிறகு அடுத்தவர் ஃபோன். ஊர்கூடி வீடு நகர்த்தினாலும், கல்யாணத்துக்குக் கிடாரம் தூக்கினாலும், எல்லாரும் சேர்ந்து தோள் கொடுக்கும் கோத்தோங்-ரோயோங் என்னும் அறத்திலே பிறந்து வளர்ந்த மக்களுக்குத் தேர்வு மட்டும் தனித்தனி என்றால் எப்படிப் புரியும்? ஃபோன்கள் வரிசையாய்க் கைமாறி வந்தன, தேறித் திரும்பின. பேசிக்கொண்டிருந்த ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, மற்றொரு ஃபோனைப் பையிலிருந்து எடுத்து அந்த வரிசையில் வைத்தார் மிஸ்டர் இயாப்.

இதை யோகமலர் பார்த்தாளா? பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். தடுக்கத்தான் வாயெடுத்தாள். அந்தக் கணத்தில் அவள் மனக்கண் முன்னே தெலுக் இந்தான் மண்டபமும், சீர்த்தட்டும், வருங்கால மாமியாரின் நெரித்த புருவமும் ஒருசேர எழுந்தன. தலைவி மெதுவாகத் திரும்பி நின்று, வெறும் சுவரில் விழுந்த படத்தை மிகுந்த அக்கறையோடு சரிபார்க்கலானாள். அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தட்டு காலியாவதற்குள் முப்பத்தெட்டும் தேறிவிட்டது.

ஒலித்தது வெற்றிச் சங்கு! நாடெங்கும் உள்ள கிளைகளில் நூற்றுக்கு நூறு பெற்றது ஈப்போ ஒன்றே என்று தலைமையகம் வியந்தது. யோகமலரின் படத்தை எல்லாக் கிளைக்கும் அனுப்பியது. லீவுத் தடையை அக்கணமே நீக்கியது. வியாழக்கிழமை காலை, ஈ-லீவின் பொன்வாயிலைத் திறந்து, ஈப்போக் கிளையின் முதல் விண்ணப்பத்தை அவளே இட்டாள். இனி மேலாளர் ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவள் மிஸ்டர் இயாப்பின் அறைக்கு ஏறக்குறைய ஓடினாள்.

"பாஸ், என் லீவு வந்திருக்கும் பாருங்க. பரிசத்துக்கு."

"ஓ, நிச்சயமா? நல்லது, நல்லது!" என்று அகமகிழ்ந்தார் அந்தப் பெருந்தகை. கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஃபோனைக் கை நீளத்துக்குப் பிடித்துப் பார்த்தார். திரையில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பயிற்சியின் முதற்பாடமே அந்த இரண்டும்தான். அப்பாடம் நடந்தபோது அவர் பிளாஸ்டிக் விலை பேசிக்கொண்டிருந்தார். ஆயினும் அவருக்கா தெரியாது? புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்கு, கல்யாணத்துக்குச் சிவப்பு உடை, குழந்தை பிறந்தால் சிவப்பு முட்டை என்று வழிவழி வந்த சீனக் குலத்தவர் அவர்.

"பாஸ், இருங்க, நான் காட்டுறேன்."

"எனக்குத் தெரியாதா மலர்? நல்ல காரியம். செவப்புதான் ஓங், அதிர்ஷ்டம்!"

வாழ்த்திச் சிரித்தபடி அழுத்தினார், வலுவாக.

நிராகரிக்கப்பட்டது என்றது திரை. நிராகரிக்கப்பட்ட நாளுக்கு மறுமுறை விண்ணப்பிக்க இயலாது என்றும் கீழே சிறிதாகச் சேர்த்துச் சொன்னது. மிஸ்டர் இயாப் பச்சையை அழுத்தினார், திரையைத் தேய்த்தார், ஃபோனை உதறினார், ஊதியும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது அவருக்கு. "மலர், சாரி லா, நான் நல்ல மனசோடதான் அமுக்குனேன்" என்றார். அது உண்மை. அதனால்தான் அவரைத் திட்டக்கூட அவளால் முடியவில்லை.

தலைமையகத்து உதவிப் பிரிவை அழைத்தாள். வெகுநேரம் இசை கேட்டாள். பிறகு ஒரு குரல் தேனொழுகப் பேசியது.

"மேடம், தப்பா அமுக்கிட்டாருன்னு சொல்றீங்க. ஆனா ஒங்க ப்ராஞ்ச் நூத்துக்கு நூறு மேடம். ஒங்க பாஸும் ஃபுல் மார்க். தெரிஞ்சுதான் ரிஜெக்ட் பண்ணிருப்பாரு."

"அந்த டெஸ்ட்ட அவர் எழுதல..." என்று தொடங்கினாள் யோகமலர்.

"என்னா மேடம்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள்.

அந்தோ! முப்பத்தெட்டுப் பேரை வென்றவள், நாடு புகழ் நங்கை, தன் கையால் கட்டிய கோட்டைக்குள் தானே பூட்டப்பட்டாள், வாட்ஸ்அப்பில் ஜெகதீபனின் கேள்வி மீண்டும் மின்ன, கண்ணில் நீர் தளும்ப, பற்கள் நறநறக்க, அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வீசி, "கோலாலம்பூர்க் கோட்டையே கேள்! நீ தடுத்தாலும் தெலுக் இந்தானை அடைவேன்! அங்கே தாம்பூலத் தட்டு மாறியே தீரும்!" என்று நெஞ்சுக்குள் வஞ்சினம் கூறி, எண்டிசையும் நடுங்க எழுந்தாள் அந்த வீரத்திருமகள்.

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து கிளினிக்கில் வயிற்றுப்போக்கு என்று சொல்லி ரெண்டு நாளுக்கு எம்.சி. என்னும் மருத்துவ லீவுச் சீட்டு வாங்கினாள்.