'ஏ'யில் நிறுத்திய வெர்னன் சித்தப்பா

உலகில் 'ஏ'க்காரர் என்றோர் இனம் உண்டு. கேமராவின் தலையிலுள்ள சக்கரத்தை 'ஏ' என்ற எழுத்தில் நிறுத்திவிட்டு, லென்ஸின் துவாரம் எவ்வளவு விரிய வேண்டும் என்பதை மட்டும் தாம் சொல்வார்கள். எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்பதைக் கேமராவே கணித்துக்கொள்ளும். வேலையில் பாதி, பெருமையில் முழுசு.

அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் டுலூத் ஊரில் இந்த இனத்தின் தலைவர் வெர்னன் ஹாக்ஸ்டாட். அண்ணன் மகள் மாரிட்டுக்குப் பிப்ரவரியில், உறைந்த ஏரியின் மேல் கல்யாணம். படமெடுக்க வெளியாள் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். விட்டார்கள். வேறென்ன செய்வது?

வெள்ளைப் பனியில் வெள்ளை கவுன். கேமரா 'அடேயப்பா, என்ன வெளிச்சம்!' என்று பதறி ஒளியைக் குறைத்தது, பனி சாம்பலானது. அடுத்து மாப்பிள்ளையும் தோழர்கள் ஐவரும் கறுப்புக் கோட்டில், நெருக்கத்தில். 'ஐயோ, இருட்டு!' என்று அதே கேமரா ஒளியை வாரி இறைத்தது. முகம் வெளுத்துப்போய் ஆறு பேருக்கும் மூக்கே இல்லை.

மாரிட் திரையை எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, என் கவுன் ஏன் இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"மேகம்மா, மேகம்."

"எங்க, ஒரு மேகம் காட்டுங்க பாப்போம்!"

"அப்ப ஏரிதான். வெளிச்சத்தை உறிஞ்சுது."

"என் மூக்கையுமா?" என்றான் மாப்பிள்ளை டோர்வால்ட்.

மாரிட்டுக்குக் கண் கலங்கியது. குளிர்காலம் முழுக்கப் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள் அவள். வெள்ளை என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? கேமராப் பையைக் குடைந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கையேட்டை எடுத்து, உறையைக் கிழித்தாள். ஊரே நடுங்கிக்கொண்டு நிற்க, நின்றபடியே படித்தாள்.

"அதையெல்லாம் யாராவது படிப்பாங்களா?" என்றார் சித்தப்பா, மானம் போனவராக.

"கேமராவுக்கு எதைப் பாத்தாலும் சாம்பலாத்தான் தெரியணுமாம், சித்தப்பா. அது சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாதீங்க. இதோ, வெளிச்சத்துக்குப் பிளஸ், மைனஸ் பொத்தான். பனிக்குக் கூட்டுங்க, கறுப்புக்குக் குறைங்க!"

சூடான சூப்பை நோக்கி ஓடத் தொடங்கிய கூட்டம் திரும்பியது. பாதிரியார் மறுபடி ஆசீர்வதித்தார். மீசையில் பனி உறைந்த மாப்பிள்ளை மறுபடி முத்தமிட்டான், மீசை ஒட்டிக்கொண்டது. கிளிக்! படத்தில் பனி பனியாகவே விழுந்தது. மூக்குகள் வீடு திரும்பின. மாரிட் பூட்ஸ் வழுக்கச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

விருந்தில் சூப்புக் கிண்ணத்துடன் வெர்னன் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் எப்பவும் சொல்றதுதான், பனிக்குக் கொஞ்சம் கூட்டணும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாளைக்கே கேமராவும் கையுமாக ஒருவர் அகப்படுவார். "நான் எப்பவும் சொல்றதுதான்..." என்று நீங்கள் ஆரம்பிக்கும்போது, ஐயா, என் பெயரைச் சொல்லவா போகிறீர்கள்?